யாரு வீட்டுப் பிள்ளை? ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்பேம்காரர்கள் நுழையாமல் பார்த்துக்கொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நெல் போடுகிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடக்கிறது. அதன் மூன்று அட்மின்களில் நான் ஒருத்தன். காலையில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்று அணைகளின் நீர்மட்டம் போடுவோம். எந்த மடையில் தண்ணீர் ஏறவில்லை, அறுப்பு மெஷின் யாரிடம் இருக்கிறது, உரம் எந்தக் கடைக்கு வந்திருக்கிறது, இதுதான் பேச்சு. நடுவில் ஸ்பேம்காரர்கள் புகுந்து படாத பாடு பட்டோம். இப்போது ஓரளவு அடங்கியிருக்கிறது. பக்கத்து ஊர்க் குரூப்காரர்கள், கோயில் கொடைக் குரூப்காரர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

“நாங்க அணை மட்டம்தானே போடுதோம்? இதுல திருட என்ன இருக்கு?”

செய்திகளில் ஒன்றும் இல்லை. திருடப்படுவது உறுப்பினர் பட்டியல். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். உள்ளே வந்த அடுத்த நொடி அத்தனை பேர் எண்ணும் வந்தவன் கையில். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய செய்திகள் தானாகத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

விளம்பரம் போடுகிறவனைவிட வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவன்தான் ஆபத்து. எங்கள் குரூப்பில் அப்படி ஒருத்தன் மாதக்கணக்கில் இருந்தான். டிபியில் ஒரு முருகன் படம், ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு மதினி ஒருத்தர் சொன்னார்: “ராத்திரியானா எவனோ ஹாய் ஹாய்னு அனுப்புதான். என் பேரும் தெரியுது, சேரன்மாதேவின்னும் தெரியுது. எப்படி?” குரூப்பில் தன் பேரோடு, ஊரோடு கேள்வி கேட்டிருந்தார், அப்படித்தான். அடுத்த நாள் அவர் குரூப்பைவிட்டு விலகிவிட்டார். அவரோடு இன்னும் இரண்டு பெண்களும் போனார்கள். மூன்று பேரும் சொந்தமாக விவசாயம் பார்க்கிறவர்கள். குரூப்பைக் கட்டிக் காக்க வேண்டும் என்று எங்களுக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

இவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்?

பெரும்பாலும் லிங்க் வழியாக. எங்கள் கதையே சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை தாண்டி ஓடியது. திருநெல்வேலியில் சந்திப்புப் பேருந்து நிலையம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள், எந்த ரோடு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆளாளுக்குக் குரூப் லிங்க்கை ஃபார்வர்டு செய்தார்கள். நானே பத்து இடத்தில் போட்டேன். அன்றைக்கு அது சரியான காரியம்தான், இன்றைக்கும் அதையே செய்வேன். தண்ணீர் வடிந்த பிறகு லிங்க்கை மாற்ற மறந்ததுதான் தப்பு. பிசான அறுப்பு, அதாவது இரண்டாம் போக நெல் அறுப்பு, முடிகிறவரை அந்த லிங்க் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஷேர் மார்க்கெட் டிப்ஸ் சொல்கிறவன், வீட்டிலிருந்தே தினம் ஐயாயிரம் சம்பாதிக்கச் சொல்கிறவன், எல்லோரும் திறந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை.

லிங்க்கை ஃபேஸ்புக் பக்கத்திலோ வலைப்பக்கத்திலோ போட்டால் தேடுபொறியிலும் சிக்கும். 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குரூப் லிங்க்குகள் கூகுள் தேடலில் கொத்துக்கொத்தாக வந்தது பெரிய செய்தியானது. இதுபோக, லிங்க்குகளைச் சேர்த்துப் பட்டியல் போடுவதையே தொழிலாக வைத்திருக்கிற தளங்களும் உண்டு.

இன்னொரு வழி, நம் உறுப்பினர் ஒருவரே வெளி ஆளைச் சேர்த்துவிடுவது. “பஸ்ல பக்கத்து சீட்டுல இருந்தாரு, நல்ல மனுசன் அண்ணாச்சி” என்பார்கள்.

எந்த அமைப்புகளை மாற்ற வேண்டும்?

குரூப் பெயரைத் தொட்டால் திறக்கிற பக்கத்தில் ‘குரூப் பெர்மிஷன்ஸ்’ இருக்கும். அதில் இரண்டு வேலை. ஒன்று, உறுப்பினர்கள் மற்றவர்களைச் சேர்க்கலாம் என்பதை நிறுத்துங்கள். அட்மின் மட்டும் சேர்க்கட்டும். இரண்டு, புதிதாக வருபவரை அட்மின் அப்ரூவ் செய்ய வேண்டும் என்பதை இயக்குங்கள். இந்த வசதி 2023இல் வந்தது. இதைப் போட்டுவிட்டால் லிங்க் எவன் கையில் போனாலும் அவன் திண்ணையோடு சரி, நீங்கள் கதவு திறந்தால்தான் உள்ளே வர முடியும்.

அடுத்து, பழைய லிங்க்கை ‘ரீசெட்’ செய்யுங்கள். பழையது செத்துவிடும், புதியது ஒன்று கிடைக்கும். நாங்கள் முதல் போகமான கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும்போது ஒரு தடவை, பிசானத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறோம். சாகுபடியோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

கூடவே அட்மின்கள் தங்கள் வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ பின் போட்டிருக்க வேண்டும். அட்மின் கணக்கு ஒன்று திருட்டுப் போனால் மேலே சொன்ன எதுவும் உதவாது. திருடனே எல்லோரையும் அப்ரூவ் செய்வான். அதனால்தான் சொல்கிறேன், மரியாதைக்காக யாரையும் அட்மின் ஆக்காதீர்கள். எங்கள் குரூப்பில் ஒரு காலத்தில் பதினோரு அட்மின் இருந்தார்கள். கொடையில் பரிவட்டம் கட்டுவது மாதிரி ஆளுக்கு ஒன்று கொடுத்து வைத்திருந்தோம். அதைக் குறைத்ததில் இரண்டு பெரியப்பாமார் இன்னமும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்ரூவல் கேட்டு வருபவர் நம்ம ஆள்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் முழு விஷயமும். மற்றதெல்லாம் பட்டன் அமுக்குகிற வேலை.

முதலில் நாங்களும் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி வைத்தோம்: “பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் எத்தனை அடி?” 143 என்று சொன்னால் உள்ளே விடுவோம். ஒரே வாரத்தில் தெரிந்துபோனது, அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிறவர்கள் எல்லாம் ஸ்பேம்காரர்கள். நம்ம ஆட்கள்தான் “இருக்கும் ஒரு நூத்தி நாப்பது” என்று இழுப்பார்கள். தேடினால் கிடைக்கிற பதில் எதுவும் வாசல் கேள்விக்கு ஆகாது. சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 எல்லாமே கூகுளில் இருக்கிறது. இப்போது சாட்பாட்டைக் கேட்டால் பாட்டுப் பாடியே சொல்லும்.

அடுத்து “உங்க வயல் எந்த மடையில பாயுது?” என்று கேட்டோம். இது நன்றாக வேலை செய்தது. தேடிக் கிடைக்காது, வயல்காரனுக்கு யோசிக்கவும் வேண்டாம். ஒருத்தன் “மெயின் மடை” என்றான். அட்மின் மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வயல் இங்கே, ஆள் சென்னையில் என்று இருக்கிற பிள்ளைகளுக்கு மடை பேர் தெரியாது. அப்படி ஒரு பையனை நாங்கள் மறுத்துவிட்டோம். மறுநாள் அவன் ஆச்சி நேரில் வந்து நின்று, “எம் பேரனைச் சேக்க மாட்டியளாமே, அவன் என்ன களவாணியா?” என்று கேட்டபோது தலை குனிந்துதான் நின்றோம்.

கடைசியில் வந்து நின்ற இடம், நம்ம ஊரில் எந்தத் திண்ணையிலும் வழிப்போக்கனைக் கேட்கிற கேள்விதான்: யாரு வீட்டுப் பிள்ளை? இப்போது அப்ரூவல் கேட்டு வருபவருக்குத் தனியாக ஒரு செய்தி போகும். உங்கள் பெயர், யார் வீடு, குரூப்பில் உங்களைத் தெரிந்த ஒருவர் பெயர், இந்த மூன்றும் வேண்டும். பதில் வந்ததும் அந்தத் தெரிந்தவரை அட்மின் போனில் கூப்பிடுவார். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“அண்ணாச்சி, இன்னாரு உங்க பேரைச் சொல்லி வந்திருக்காவ. தெரியுமா?”

“ஆமா, நம்ம மேலத்தெரு மச்சான் மவன்லா. கோயம்புத்தூர்ல இருக்கான். சேத்துக்க.”

அவ்வளவுதான், அரை நிமிஷம். இதை ஏமாற்ற வேண்டும் என்றால் ஒரு உயிருள்ள மனிதரை ஏமாற்ற வேண்டும். ஆயிரம் குரூப்பில் ஒரே நாளில் நுழையப் பார்க்கிறவனுக்கு அந்த நேரம் கிடையாது, அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுவான். செய்தி அனுப்பினாலே முக்கால்வாசிப் பேர் பதில் சொல்வதில்லை என்பது எங்கள் அனுபவம்.

எழுத்தில் விசாரிக்காதீர்கள். “இவர் உங்களுக்குத் தெரிந்தவரா?” என்று செய்தி போட்டால் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் நம்மில் பாதிப் பேர்.

வெளிநாட்டு எண்களை மொத்தமாகத் தள்ளிவிடலாமா?

வேண்டாம். 2023 மே வாக்கில் இந்தோனேசியா, வியட்நாம், கென்யா, எத்தியோப்பியா எண்களிலிருந்து இந்தியா முழுக்க வாட்ஸ்அப் மிஸ்டு கால் வந்தது. அதிலிருந்து +91 இல்லாத எண்ணைக் கண்டாலே பலருக்குப் பயம். ஆனால் இது திருநெல்வேலிச் சீமை. வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். +971, +966, +65 எல்லாம் எங்களுக்கு அத்தான், சித்தப்பா எண்கள். வயலைப் பாட்டத்துக்கு விட்டுவிட்டு அங்கிருந்து நீர்மட்டம் பார்த்துக் கவலைப்படுகிறவர்களைத் தள்ள முடியாது. தவிர, மோசடி செய்கிறவன் +91 சிம் வாங்குவது ஒன்றும் கஷ்டம் இல்லை. எண் எந்த நாடு என்பது முக்கியமில்லை, ஆள் யார் வீடு என்பதுதான் கேள்வி.

ட்ரூகாலரில் பெயர் வந்தால் நம்பலாமா?

அது நாலு பேர் தங்கள் போனில் எப்படிச் சேமித்திருக்கிறார்களோ அந்தப் பெயர். தானே மாற்றிக்கொள்ளவும் முடியும். “உரக்கடை அண்ணாச்சி” என்று வந்தால் உரக்கடை அண்ணாச்சி ஆகிவிடாது.

ஒருத்தன் உள்ளே வந்து விளம்பரம் போட்டுவிட்டான். இப்போது?

வரிசை முக்கியம். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எண் முழுசாகத் தெரிய வேண்டும். செய்தியை எல்லோருக்குமாக அழியுங்கள். யார் போட்டதையும் அழிக்கும் அதிகாரம் அட்மினுக்கு உண்டு. பிறகு அந்த எண்ணை ரிப்போர்ட் செய்யுங்கள், கடைசியாக நீக்குங்கள். அவசரத்தில் நீக்கிவிட்டு மற்றதை மறந்தால் அந்த லிங்க் குரூப்பிலேயே கிடக்கும், இரவு யாராவது தொடுவார்கள்.

அட்மின் நீக்கியவர் அதே எண்ணில் லிங்க் வழியாகத் திரும்ப வர முடியாது, வேறு எண்ணில் வரலாம். அதனால் லிங்க்கையும் அப்போதே மாற்றுங்கள். பெயர் சொல்லித் திட்டி நாலு பத்தி எழுதாதீர்கள். அவன் போனபிறகு அதைப் படிப்பது நம்ம ஆட்கள்தான்.

மோசடி அழைப்பு, செய்தி பற்றி மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் புகார் செய்யலாம். அது பணம் போகாதவர்களுக்கு. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930, அதுவும் உடனே.

போட்டவன் வெளி ஆள் இல்லை, எங்க சொந்த மாமா! அவரையும் நீக்கணுமா?

ஆமாம், அதே நிமிஷத்தில். பிறகு சாதாரண போனில் கூப்பிட்டுப் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் இல்லை.

இப்போது வருவதில் மோசமானது இந்த வகை. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராத ரசீது, பி.எம். கிசான் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். ஏபிகே என்பது ஒரு ஆப். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டால், வரும் எஸ்எம்எஸ்களை அது படிக்கும். ஓடிபி திருடன் கைக்குப் போகும். அவரது வாட்ஸ்அப்பையும் பிடித்துவிட்டால், அவர் இருக்கிற குரூப்புகளுக்கெல்லாம் அதே கோப்பு அவர் பெயரிலேயே போகும்.

எங்கள் குரூப்பில் இப்படி வந்தது ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில், சித்தப்பா முறை உள்ள ஒருவர் எண்ணிலிருந்து. வருஷத்துக்கு ஆறாயிரம், இரண்டாயிரமாக மூன்று தவணை வருகிற பணம் என்பதால் எல்லோருக்கும் அதில் கண் உண்டு. அனுப்பியவரும் மூத்தவர், மரியாதைக்காரர். நான் நீக்கப் போனபோது இன்னொரு அட்மினே, “ஏல, அவர நீக்கினா ஊருக்குள்ள எப்படி மூஞ்சியில முழிப்ப?” என்றார். அந்த இழுபறியில் கால் மணி நேரம் போயிற்று, அதற்குள் இரண்டு பேர் இன்ஸ்டால் செய்துவிட்டார்கள். சித்தப்பாவைக் கூப்பிட்டால் அவர் வயலில் இருக்கிறார், போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. எதுவுமே அவருக்குத் தெரியாது.

இன்ஸ்டால் செய்தவர்கள் முதலில் போனை ஃப்ளைட் மோடில் போட்டு நெட்டைத் துண்டிக்க வேண்டும். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தவும். பணம் போயிருந்தால் 1930. அந்த ஆப்பை நீக்குவதும் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பார்த்துத் தெரியாததை வெளியேற்றுவதும் அடுத்து. அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கணக்கில் பணமே இல்லை, தப்பித்தார். மற்றவர் மகன் வீட்டில் இருந்ததால் தப்பித்தார்.

இப்போது குரூப் விவரத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்: சந்தேகமான கோப்பு வந்தால் அனுப்பியவர் யாராக இருந்தாலும் நீக்கப்படுவார், போனில் பேசிய பிறகு திரும்பச் சேர்க்கப்படுவார், இதில் அவமரியாதை எதுவும் இல்லை. முன்கூட்டியே சொல்லி வைத்ததால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கொஞ்சம் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

“இது என் புது நம்பர், சேர்த்துக்கோங்க” என்று வந்தால்?

பழைய எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். எடுத்தால் கேளுங்கள். எடுக்காவிட்டால் வீட்டில் இன்னொருவரைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலேயே எண் மாற்றும் வசதி இருக்கிறது, அதைச் செய்தால் பழைய குரூப்புகளில் புது எண் தானாக வந்துவிடும். திரும்பச் சேர்க்கக் கேட்கவே வேண்டியதில்லை.

பழைய எண்ணை நீக்கவும் மறக்காதீர்கள். துண்டிக்கப்பட்ட சிம் எண்ணை 90 நாள் கழித்து வேறு யாருக்கும் கொடுக்கலாம். நம்ம அண்ணாச்சி எண் நாளைக்கு எவனோ ஒருத்தன் எண்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் தெரியாத ஆட்களை எப்படிக் களைவது?

களை எடுப்பது மாதிரிதான், குனிந்து ஒவ்வொன்றாக. நாங்கள் பட்டியலைத் தெருத் தெருவாகப் பிரித்து, அந்தந்தத் தெருக்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். தெரிந்தவருக்கு டிக். யாருக்குமே தெரியாத எண்களுக்குத் தனியாகச் செய்தி போட்டு ஒரு வாரம் பொறுத்தோம். பதில் வராதவர்களை நீக்கினோம். நீக்கப்பட்டவர்களில் உண்மையான விவசாயிகள் நாலைந்து பேர் இருந்தார்கள், வாட்ஸ்அப்பை வாரம் ஒரு தடவை திறக்கிறவர்கள். டீக்கடையில் பிடித்துக் கேட்டார்கள், சேர்த்துவிட்டோம். முருகன் டிபிக்காரன் கேட்டு வரவில்லை.

மனை விற்கிற, விதை விற்கிற நம்ம ஊர்க்காரர் தினமும் விளம்பரம் போடுகிறாரே?

அது ஸ்பேம் இல்லை, தொந்தரவு. வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கென்று கொடுங்கள். எங்களுக்கு ஞாயிறு. மற்ற நாளில் போட்டால் அழிப்போம், ஆளை விட்டுவிடுவோம்.

அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்ததே?

விளம்பரம் நிற்கும், எண் திருட்டு நிற்காது. தவிர “எட்டாம் மடையில தண்ணி வரல” என்று ஒருத்தர் சொல்ல முடியாவிட்டால் அப்புறம் எதற்குக் குரூப்? அறிவிப்பு மட்டும் போதும் என்றால் வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். அதில் பின்தொடர்பவர்கள் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, யார் வந்தாலும் கவலை இல்லை. நாங்களும் நீர்மட்டத்தைச் சேனலிலும் போடுகிறோம். விலகிப்போன மதினி இப்போது அதில் இருக்கிறார். குரூப்புக்குத் திரும்ப வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஸ்பேம்காரன் போட்டதுக்கு அட்மின் மேல கேஸ் வருமா?

இதைக் கேட்காத அட்மின் கிடையாது. 2021 டிசம்பரில், ஒரு வழக்கறிஞர்கள் குரூப் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம்ம மதுரைக் கிளை சொன்னது: ஒருவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்தார், வேறு பங்கு இல்லை என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இருக்கக் கூடாது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் போட்டதற்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்றது. அதற்காகக் கண்டும் காணாமல் விட்டுவிடக் கூடாது. அழித்த நேரமும் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும்.

நான் உங்கள் குரூப்பில் சேர வேண்டும். எவ்வளவு நேரமாகும்?

பெயர், யார் வீடு, யாரைத் தெரியும், மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள். காலையில் மூன்று பேருமே வயலில் இருப்போம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போனைப் பார்ப்போம். ஜூனில் கார் தண்ணீர் திறக்கிற வாரத்தில் கேட்டால் இரண்டு நாள்கூட ஆகலாம், திரும்பத் திரும்ப லிங்க்கைத் தொட வேண்டாம். நீங்கள் பெயர் சொன்ன அண்ணாச்சி போனை எடுக்காவிட்டால் இன்னும் தாமதமாகும், அவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.